அம்பின் இறகை எதைக் கொண்டு வெட்டுவது?

வீட்டிலேயே அம்பு செய்யத் தொடங்கியவர் எவரும் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார். தண்டு தயார். முனை பொருத்தியாயிற்று. பின்னால் நாண் உட்காரும் பிளவும் போட்டாயிற்று. கையில் நீள நீளமாக வான்கோழி இறகுகள் இருக்கின்றன. அவற்றை ஒரே அளவாக, ஒரே வளைவாக எதைக் கொண்டு வெட்டுவது?

விசாரித்தால் மூன்று பதில் வரும். கத்தரிக்கோல் போதும், வீண் செலவு வேண்டாம் என்பார் ஒருவர். சாப்பர் என்று ஒன்று இருக்கிறது, ஒரே தட்டு, வேலை முடிந்தது என்பார் இன்னொருவர். சூடான கம்பியில் பொசுக்கினால்தான் சரியாக வரும் என்று அடித்துச் சொல்பவரும் இருப்பார்.

மூன்றுமே நடக்கும். ஆனால் மூன்றும் ஒரே கட்டத்தில் செய்யும் வேலைகள் அல்ல. சில கருவிகள் இறகை அம்பில் ஒட்டுவதற்கு முன்பே வடிவம் கொடுப்பவை. சில, ஒட்டிக் காய்ந்த பிறகு வடிவம் கொடுப்பவை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் எதை வாங்கலாம், எது நமக்குத் தேவையில்லை என்பது பாதிக்கு மேல் தெளிந்துவிடும். கூர்மை, விலை, பிராண்டு எல்லாம் அப்புறம்.

முதலில் இறகைப் பற்றிக் கொஞ்சம்

நாணை விட்டதும் அம்பு குச்சி மாதிரி விறைப்பாகப் போவதில்லை. வளைந்து நெளிந்து, வாலை ஆட்டிக்கொண்டுதான் வில்லை விட்டுக் கிளம்புகிறது. பின்னால் உள்ள இறகுகளைக் காற்று பிடித்து இழுப்பதால் வால் பின்தங்கி, முனை முன்னுக்கு வந்து, அம்பு சீக்கிரம் நேராகிவிடுகிறது. இறகைச் சற்றுச் சாய்த்தோ முறுக்கியோ ஒட்டினால் அம்பு சுழலவும் செய்யும். அப்படிச் சுழலும்போது அம்பில் இருக்கும் சின்னச் சின்னக் கோணல்கள் ஒரே பக்கமாகச் சேராமல் சமனாகிவிடும்.

அதனால் இறகின் வெளிக்கோடு எவ்வளவு அழகு என்பது அம்புக்குப் பெரிய பொருட்டில்லை. ஒரு அம்பில் உள்ள மூன்று இறகுகளும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதுதான் முக்கியம். அடுத்தபடியாக, உங்கள் தூணியில் உள்ள எல்லா அம்புகளும் ஒரே மாதிரி இருப்பது. கொஞ்சம் சுமாரான வளைவு மூன்றிலும் அதே சுமாராக இருந்தால் அம்பு நேராகத்தான் போகும். ஒன்று உயரம், ஒன்று குட்டை என்றால் எவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருந்தாலும் பயனில்லை. ஆகவே நல்ல கருவி என்றால் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பத் தரும் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் தகடு ஒட்டினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றலாம். வில்லின் மேல் நேரடியாக அம்பை வைத்து எய்பவர்களுக்கு அது ஒத்துவராது. அம்பு கடந்து போகும்போது பின்பகுதி வில்லில் உரசும். இறகு மடங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் மடங்காமல் இடித்து அம்பைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். மரபு வில்லுக்கு இன்றும் இறகையே தேடுவது இதனால்தான். எடையும் பிளாஸ்டிக்கைவிடக் குறைவு.

அடுத்து, இறகு ஏன் வெட்டுவதற்கு இவ்வளவு அடம்பிடிக்கிறது என்று பார்க்கலாம். ஒரு இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் தண்டு. அதிலிருந்து சாய்வாகக் கிளம்பும் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள். ஒவ்வொரு இழையின் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத குட்டி இழைகள், அவற்றில் ஒரு பக்கத்தில் உள்ளவற்றில் கொக்கிகள். பக்கத்து இழையை இந்தக் கொக்கிகள் ஜிப் போலப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் இறகு ஒரே தகடாகத் தெரிகிறது. விரலால் எதிர்த்திசையில் நீவினால் பிளந்துபோகும். சரியான திசையில் நீவினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

கத்தரிக்கோலின் இரு அலகுகளும் மூடும்போது, நடுவில் இருப்பதைச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டே போகும். காகிதத்தில் அது தெரியாது. இறகில் அந்தத் தள்ளலுக்கு இழைகள் நகர்ந்து, கொக்கிகள் கழன்று, வெட்டு முடிந்து கையை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அப்போது பார்த்தால் விளிம்பு அலையலையாக இருக்கும். இறகை வெட்டுவதில் உள்ள சிக்கல் பெரும்பாலும் இதுதான்: வெட்டும் நேரத்தில் இழைகள் அசையாமல் இருக்க வேண்டும். எல்லாக் கருவிகளும் இந்த ஒரு சிக்கலை ஆளுக்கொரு விதமாகத் தீர்க்க முயல்பவைதான்.

இன்னொன்று, இடச்சிறகு இறகா வலச்சிறகு இறகா என்பது. பறவையின் இடச்சிறகிலிருந்து வந்த இறகு ஒரு பக்கம் சாயும், வலச்சிறகிலிருந்து வந்தது மறுபக்கம் சாயும். ஒரே அம்பில் இரண்டையும் கலக்கக் கூடாது. இரண்டு இறகுகளின் தடித்த முனைகளையும் ஒரே திசையில் வைத்து, தண்டின் அடியை மேசையில் ஊன்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஒரே சிறகு. வலச்சிறகு இறகை அதன் வளைவுக்கேற்ப முறுக்கி ஒட்டினால், எய்பவர் பார்வையில் அம்பு கடிகாரச் சுற்றில் சுழலும். இடச்சிறகு எதிர்ச்சுற்றில். எது மேல் என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது, அதற்குள் போகாதீர்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். ஏனென்றால் ஒட்டும்போது இறகைப் பிடித்து நிறுத்த நீங்கள் வாங்கும் கிளாம்பும் சில வகைச் சாப்பர்களும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கும்.

எந்தப் பறவை? இப்போது கிடைப்பவை பெரும்பாலும் வான்கோழிச் சிறகின் பெரிய இறகுகள். முன்காலத்தில் ஐரோப்பாவில் வாத்து இனத்தின் பெரிய பறவையான கூஸ்தான் முதன்மை. இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி 1417இல் ஒவ்வொரு கூஸிலிருந்தும் 6 சிறகிறகுகளை எடுத்து அனுப்பும்படி ஆணையிட்டான் என்றால் படைக்கு எவ்வளவு அம்பு தேவைப்பட்டிருக்கும் என்று பாருங்கள். காட்டில் கிடக்கும் பருந்து, கழுகு இறகுகளைப் பொறுக்கிப் பயன்படுத்தலாமே என்ற ஆசை வேண்டாம். பல நாடுகளில் அவற்றை வைத்திருப்பதே குற்றம். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி வலசைப் பறவைகளின் உதிர்ந்த இறகுக்கும் தடை உண்டு.

என்ன வடிவம் வேண்டும்?

வடிவம் கருவியைத் தீர்மானிக்கும் என்பதால் இதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

பாராபோலிக் என்பது முன்னால் தாழ்ந்து, மெல்ல உயர்ந்து, பின்னால் உருண்டையாக முடியும் வடிவம். ஷீல்டு என்பது முன்பகுதியில் அதே போல உயர்ந்து, பின்னால் உட்குழிந்து கூரான மூலையுடன் வெட்டப்பட்டது. பார்க்க எடுப்பாக இருக்கும். அந்தக் கூர்மூலை காற்றில் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் எழுப்பும் என்பதால் வேட்டைக்காரர்களில் பலர் பாராபோலிக்கையே விரும்புவார்கள். மூன்றாவதாக, நேர்கோட்டில் முன்னிருந்து பின்னுக்கு உயரும் முக்கோண வடிவம். பழைய போர் அம்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

நேர்கோட்டைக் கத்தரிக்கோலே வெட்டிவிடும். பாராபோலிக்கின் வெளிவளைவும் முயன்றால் வரும். ஷீல்டின் உட்குழிவை இறகில் கத்தரிக்கோலால் எடுப்பது கடினம். அதற்கு பிளேடோ, சாப்பரோ, சூடான கம்பியோ வேண்டும். ஃப்ளூ-ஃப்ளூ என்றொரு வகையும் உண்டு. இறகை வெட்டாமல் முழு உயரத்துக்கு விட்டு, அல்லது அம்புத் தண்டைச் சுற்றிச் சுருளாக ஒட்டி, வானத்தில் எய்த அம்பு வெகுதூரம் போகாமல் விழும்படி செய்வது. அதற்குக் கருவியே வேண்டாம்.

நீளம் பொதுவாக 4 அல்லது 5 அங்குலம். உயரம் அரை அங்குலத்தை ஒட்டி. கனமான முனையுள்ள அம்புக்குக் கொஞ்சம் பெரிய இறகு, இலேசான பயிற்சி அம்புக்குச் சிறியது. தொடங்குபவர்கள் 5 அங்குலப் பாராபோலிக்கில் தொடங்கினால் வருத்தப்பட ஒன்றுமில்லை. இறகு பெரிதாக இருந்தால் எய்வதில் உள்ள சின்னக் குறைகளை அது சரிக்கட்டிக்கொடுக்கும்.

ஒட்டுவதற்கு முன் வெட்டுபவை

கத்தரிக்கோலை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். ஒன்றிரண்டு அம்பு செய்து பார்க்கும் ஆசையில் இருப்பவருக்கு அதுதான் சரியான கருவி. ஆனால் வெறும் கையில் இறகைப் பிடித்து வெட்டினால் முன்னே சொன்ன அலைதான் வரும். தடித்த அட்டை ஒன்றை இரண்டாக மடித்து, வேண்டிய வடிவத்தை அதில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். மடிப்புக்குள் இறகின் தண்டை வைத்து, இறகை இரு அட்டைகளுக்கும் நடுவில் அழுத்திப் பிடியுங்கள். அதற்கு முன் இழைகளை ஒருமுறை நீவி விடுங்கள். இப்போது அட்டையின் விளிம்பை ஒட்டி, நீளமான அலகுள்ள கத்தரிக்கோலால் இரண்டு மூன்று நீண்ட வெட்டுகளில் முடித்துவிடுங்கள். குட்டிக் குட்டியாகக் கொறித்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு படி விழும். கத்தரிக்கோல் துணிக்குப் பயன்படுத்தும் கூர்மையில் இருக்க வேண்டும்.

அட்டை சில இறகுகளுக்குப் பிறகு விளிம்பு தேய்ந்து வடிவம் சுருங்கிவிடும். ஆறு அம்பு என்றால் 18 இறகு. அதற்குள் முதல் அம்பும் கடைசி அம்பும் வேறு வேறு அளவில் வந்துவிடலாம். அட்டைக்குப் பதில் மெல்லிய உலோகத் தகடு இரண்டை அதே வடிவத்தில் வெட்டி, இறகை நடுவில் வைத்துக் கிளிப் போட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கூர்மையான பிளேடால் சீவினால் அந்தக் குறை போய்விடும். பிளேடு ஒரே பக்கமாக இழுபடுவதால் இழைகளைத் தள்ளுவது குறைவு. தகடு அழுத்திப் பிடித்திருப்பதால் கொஞ்சநஞ்சம் தள்ளினாலும் நகராது. அடியில் வெட்டுப்பாயோ மென்மரப் பலகையோ வேண்டும். துணிக்கடைகளில் பார்க்கும் உருளை பிளேடு இதற்கு இன்னும் தோது. அது இழுக்காமல் உருண்டு அழுத்தியே வெட்டும். அதன் சக்கரம் பெரிதாக இருந்தால் உட்குழிவுக்குள் நுழையாது, அவ்வளவுதான்.

இந்த முறை புதிதொன்றும் இல்லை. கலிபோர்னியாவின் யாஹி இனத்தின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷி, 1916இல் இறப்பதற்கு முன் அருங்காட்சியகத்தில் வாழ்ந்த ஆண்டுகளில் அம்பு செய்து காட்டியதைக் கூட இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்பைத் தட்டையான மரத்துண்டின்மேல் கிடத்தி, நேரான குச்சி ஒன்றை வழிகாட்டியாக வைத்து, அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக் கல்லின் கூர்முனையால் இறகை வெட்டுவாராம். கீழே தாங்க ஒன்று, வழிகாட்ட ஒன்று, வெட்ட ஒன்று. இன்று விற்கும் எந்தக் கருவியைப் பிரித்துப் பார்த்தாலும் இந்த மூன்றும் இருக்கும். எதில் இந்த மூன்றில் ஒன்று குறைகிறதோ அதை நீங்கள் உங்கள் கையால் ஈடுகட்ட வேண்டியிருக்கும். இஷி இறகை ஒட்டிய பிறகே வெட்டினார் என்பதையும் கவனியுங்கள். அதற்கு வருகிறேன்.

சாப்பர் என்பது இதே மூன்றையும் ஒரே கட்டைக்குள் அடக்கிய கருவி. மெல்லிய எஃகு பிளேடு ஒன்றை இறகின் வடிவத்துக்கு வளைத்து ஒரு கட்டையில் பதித்திருப்பார்கள். இறகின் தண்டை அதற்குரிய பள்ளத்தில் செருகி, பலகைமேல் கவிழ்த்து வைத்து, கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால் இறகு துண்டாகிவிடும். முழு விளிம்பும் ஒரே நொடியில் மேலிருந்து கீழாக வெட்டுப்படுவதால் இழைகள் நகர நேரமே இல்லை. விளிம்பு மிகச் சுத்தமாக வரும். நூறு இறகு வெட்டினாலும் நூறும் ஒன்றுபோல இருக்கும். புகை இல்லை, நாற்றம் இல்லை, மின்சாரம் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் நான்கு விஷயம் பாருங்கள். ஒன்று, சாப்பருக்கு ஒரே வடிவம், ஒரே நீளம்தான். 5 அங்குல ஷீல்டு சாப்பரில் 4 அங்குலப் பாராபோலிக் வெட்ட முடியாது. இரண்டு, இடச்சிறகா வலச்சிறகா என்று கேட்டு வாங்குங்கள். மூன்று, இறகின் தண்டு பிளந்து, அடி தேய்க்கப்பட்டு மெல்லியதாக இருந்தால்தான் பள்ளத்தில் ஒழுங்காக உட்காரும். முழு இறகிலிருந்து நீங்களே தண்டைப் பிளப்பவராக இருந்தால் அதை உப்புத்தாளில் சீராகத் தேய்த்த பிறகே சாப்பர் பக்கம் வர வேண்டும். தண்டு ஒரு முனையில் தடிப்பாக இருந்தால் இறகு சாய்ந்து உட்கார்ந்து, வெட்டும் சாய்ந்துவிடும். நான்கு, பிளேடு. வளைந்த பிளேடைச் சாணை பிடிப்பது லேசான வேலை இல்லை. அதனால் மாற்றிக்கொள்ளக்கூடிய பிளேடா என்று பார்ப்பது நல்லது. கடினமான மேசைமேல் வைத்துத் தட்டினால் முதல் நாளே முனை மழுங்கிவிடும். மரத்தின் குறுக்கு வெட்டுப் பரப்பு, அல்லது தடித்த பிளாஸ்டிக் பலகைதான் பொருத்தம்.

சில சாப்பர்கள் இறகுத் தண்டின் இரு முனைகளையும் சேர்த்தே வெட்டிவிடும். சிலவற்றில் அதை நீங்கள் தனியாக வெட்டிக்கொள்ள வேண்டும். வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை சொன்ன பிறகும் முன்வெட்டுக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இறகு எவ்வளவு சரியாக வெட்டுப்பட்டிருந்தாலும், அதை ஒட்டும்போது ஒன்று அரை நூல் முன்னால், ஒன்று அரை நூல் பின்னால் என்று ஆகிவிட்டால் அந்தக் கோணல் அம்பிலேயே தங்கிவிடும். மூன்று இறகுகளையும் 120 பாகை இடைவெளியில் நிறுத்தும் ஜிக் இருந்தாலும், கிளாம்பில் இறகை எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. கிளாம்பின் பக்கவாட்டில் மார்க்கரால் இரண்டு கோடு போட்டு, எல்லா இறகின் முன்முனையும் பின்முனையும் அந்தக் கோட்டுக்கே வரும்படி வையுங்கள். இவ்வளவு எளிய விஷயத்தைப் பலர் செய்வதில்லை.

ஒட்டிய பிறகு பொசுக்குவது

பர்னர் என்று சொல்லப்படும் கருவியில் பிளேடே கிடையாது. நிக்ரோம் என்ற உலோகக் கலவையில் செய்த மெல்லிய பட்டை ஒன்று, இரண்டு முனைகளில் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கும். அந்தப் பட்டையை உங்களுக்கு வேண்டிய வடிவத்துக்கு விரலால் வளைத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சில வோல்ட் மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டம் பாயும்போது பட்டை செக்கச் சிவந்து ஒளிரும். இறகுகள் ஒட்டிய அம்பை, பக்கத்தில் உள்ள தாங்கிகளில் கிடத்தி, பின்முனையை ஒரு தடுப்பில் முட்டவைத்து, மெல்லச் சுழற்றினால் ஒவ்வொரு இறகாகப் பட்டையைக் கடந்து போகும். பட்டைக்கு வெளியே இருப்பதெல்லாம் பொசுங்கி விழுந்துவிடும்.

கத்தி இழையைத் தள்ள வேண்டியிருக்கிறது, சூட்டுக்கு அந்த வேலை இல்லை. பட்டை தொடுவதற்குச் சற்று முன்னாலேயே இழை கருகி விலகிவிடும். அதனால் தகடு வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. இது முதல் லாபம்.

இரண்டாவது லாபம்தான் பெரியது. இங்கே அளவு எடுக்கப்படுவது அம்புத் தண்டின் மையத்திலிருந்து. இறகை நீங்கள் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ ஒட்டியிருந்தாலும், முறுக்கு ஒன்றில் கூட இன்னொன்றில் குறைய இருந்தாலும், பட்டை எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு, ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். ஒட்டுவதில் நேர்ந்த சின்னப் பிசகுகளைப் பர்னர் மறைக்கிறது. மூன்று இறகுகளும் சமமாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அதை மிக எளிதாகத் தருவது இதுதான். அதுபோக, வடிவம் மாற்ற வேண்டுமானால் புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை, பட்டையை மாற்றி வளைத்தால் போதும். இடச்சிறகு, வலச்சிறகு என்ற பேதமும் இதற்கு இல்லை.

இதற்கெல்லாம் விலை, நாற்றம். இறகும் தலைமுடியும் கெரட்டின் எனப்படும் புரதங்களால் ஆனவை. முடி பொசுங்கும் வாடை எப்படி இருக்கும் என்று தெரியும், அதே வாடைதான். சட்டையில் ஏறும், திரைச்சீலையில் ஏறும், வீட்டில் உள்ளவர்கள் பேசாமல் இருக்க மாட்டார்கள். வெளியில், அல்லது காற்று நன்றாகப் போகும் இடத்தில் வைத்துச் செய்யுங்கள். புகையைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒட்டிக் காய்ந்ததும், வேண்டிய வடிவத்தைவிடக் கால் அங்குலம் பெரிதாகக் கத்தரிக்கோலால் தோராயமாக வெட்டிவிட்டு, மீதியை மட்டும் பொசுக்குங்கள். பாதிக்கு மேல் புகை குறைந்துவிடும்.

செய்யும்போது கண் வைக்க வேண்டிய இடங்கள் சில. மின்சாரம் போடாமல் அம்பை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் சுற்றினால் இறகு பட்டையில் பட்டதும் படுத்துக்கொள்ளும், மறுதிசையில் எதிர்த்து நிற்கும். எதிர்த்து நிற்கும் திசையில்தான் சுழற்ற வேண்டும். படுத்துக்கொண்டால் உயரம் குறையாமல் தப்பிவிடும். பட்டை சூடேறும்போது சற்று நீண்டு தொய்யும். அதனால் குளிர்ந்த நிலையில் வடிவம் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாமல், கழிவு இறகு ஒட்டிய பழைய தண்டு ஒன்றைச் சுற்றி எடுத்து அளந்து பாருங்கள். வேகமாகச் சுழற்றினால் இறகு வளைந்து தப்பிக்கும், வெட்டு ஒழுங்கற்றுப் போகும். மிக மெதுவாகச் சுழற்றினால் விளிம்பு கருத்துச் சுருளும். நடு வேகம் இரண்டு மூன்று அம்பிலேயே கைக்கு வந்துவிடும். முடிந்ததும் விளிம்பில் மணல்போல ஒட்டியிருக்கும் கருகலை நகத்தால் மெல்ல வருடினால் உதிர்ந்துவிடும்.

தண்டின் தடிப்பும் கணக்கில் வரும். மர அம்புகள் பெரும்பாலும் 5/16 அல்லது 11/32 அங்குலத் தடிப்பில் இருக்கும். ஒன்றுக்குச் சரிசெய்த தாங்கியில் மற்றொன்றை வைத்தால் இறகின் உயரம் மாறும். ஒரே தூணிக்கான அம்புகளை ஒரே தடிப்பில் செய்துவிட்டால் பிரச்சினை இல்லை.

இனி ஆபத்து. சிவந்த பட்டை விரலைப் பொசுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்டில் பூசிய வார்னிஷும், சில பசைகளில் உள்ள கரைப்பானும் எளிதில் தீப்பிடிப்பவை. பூச்சும் பசையும் முழுதாகக் காயாமல் பர்னர் அருகில் கொண்டுபோகவே கூடாது. பட்டை தண்டைத் தொடாத தூரத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தானே செய்துகொள்ள நினைப்பவர்கள், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சுவர் பிளக்கிலிருந்து நேரடியாகக் கம்பிக்கு இணைப்புக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. மின்வேலை தெரியாதவர் இதைக் கடையில் வாங்குவதே நல்லது. சிறுவர்கள் அம்பு செய்யக் கற்கும் இடத்தில் பர்னரை வைக்க நான் சொல்ல மாட்டேன். அங்கே தகடும் கத்தரிக்கோலும் போதும்.

பர்னர் இல்லாமலும் ஒட்டிய பிறகு வெட்டலாம், இஷி செய்ததுபோல. அம்பைப் பலகையில் கிடத்தி, ஒரு இறகைத் தட்டையாகப் படிய வைத்து, தகடு ஒன்றை அதன்மேல் வைத்துப் பிளேடால் சீவலாம். நேர்கோட்டு வடிவத்துக்கு இது அருமையாக வரும். வளைவுக்குப் பொறுமை வேண்டும். தண்டில் பிளேடு பட்டுக் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்தண்டில் குறுக்குக் கீறல் இருந்தால் அந்த இடத்தில் முறியும்.

அப்படியானால் எதை எடுப்பது?

ஒரு தூணி அம்பு செய்து பார்க்கலாம், பிடித்தால் தொடரலாம் என்ற நிலையில் இருந்தால் எதையும் வாங்காதீர்கள். வெட்டித் தயாராக விற்கும் இறகுகளை வாங்கி ஒட்டுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. முதல் அம்புகளில் நீங்கள் கற்க வேண்டியது ஒட்டும் வேலை, வெட்டும் வேலை அல்ல. முழு இறகுதான் கையில் இருக்கிறது என்றால் உலோகத் தகடும் பிளேடும்.

வடிவம் முடிவாகிவிட்டது, அதையே வருடக்கணக்கில் செய்யப் போகிறீர்கள், இறகும் ஒரே சிறகில் அடி தேய்த்துக் கிடைக்கிறது, இருப்பது அடுக்குமாடி வீடு என்றால் சாப்பர். வெட்டிய இறகுகளை மொத்தமாகச் செய்து பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது ஒட்டிக்கொள்ளலாம். பர்னரில் இந்த வசதி இல்லை, அம்பு முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஆர்வம் உண்டு, இறகை நீங்களே பிளந்து தேய்க்கிறீர்கள், முறுக்கி ஒட்டுவதில் கை இன்னும் நிலைக்கவில்லை, வெளியில் வைத்து வேலை செய்ய இடமும் இருக்கிறது என்றால் பர்னர். என்னைக் கேட்டால், தொடர்ந்து அம்பு செய்பவருக்கு இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் இதையே சொல்வேன். ஒட்டுவதில் வரும் பிழைதான் வெட்டுவதில் வரும் பிழையைவிட அதிகம், அதைச் சரிசெய்வது இது ஒன்றுதான்.

பணக்கணக்கும் பார்க்கத்தான் வேண்டும். முழு இறகிலிருந்து வெட்டினால் மலிவு என்று நினைத்துக் கருவி வாங்குபவர்கள் உண்டு. ஒரு இறகில் பயன்படுவது நடுப்பகுதிதான். அடியில் மென்தூவி, நுனியில் மெலிவு. 5 அங்குலத் துண்டு பல இறகுகளில் ஒன்றுதான் தேறும். 4 அங்குலம் என்றால் சில சமயம் இரண்டு. கருவியின் விலையைச் சேர்த்தால், அம்பு நிறையச் செய்பவருக்குத்தான் மிச்சம். மற்றவர்கள் இஷ்டப்பட்ட வடிவத்துக்காகவும் நிறத்துக்காகவும் வாங்கலாம், மிச்சத்துக்காக வேண்டாம்.

எந்தக் கருவியில் வெட்டினாலும் கடைசி வேலை ஒன்று பாக்கி இருக்கும். இறகின் தண்டு முடியும் முன்முனையைப் பாருங்கள். சதுரமாக நறுக்கி விட்டிருந்தால் அது ஒரு சிறு உளிமுனை. கையின்மேல் வைத்து எய்பவருக்கு அம்பு பாயும்போது அந்த முனைதான் விரலையோ கைமுட்டியையோ கிழிக்கும், சிலாம்பாக உள்ளே இறங்கவும் செய்யும். அதை உப்புத்தாளில் தேய்த்து அம்புத் தண்டோடு சாய்வாக இழையும்படி செய்து, மேலே ஒரு சொட்டுப் பசை விடுங்கள், அல்லது மெல்லிய நூலால் நாலைந்து சுற்றுச் சுற்றிப் பசை பூசுங்கள். காய்ந்ததும் அம்பின் முனைப்பக்கமிருந்து பின்னோக்கி விரல் நுனியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டினால் அந்த அம்பை இன்னும் வில்லில் ஏற்றக் கூடாது.